இருநூற்றேழு என்ற லேபிள்

மகாநவமி அன்று பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. ஆனாலும் ஆராய்ச்சிக் கட்டிடத்தில் மூன்று மணிக்கு ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு இருந்தது. தேர்வாளர் வெளிநாட்டிலிருந்து திரையில் வந்து கேள்வி கேட்பார்; அவருக்கு வேறு நாள் ஒழியவில்லை. அந்தக் கட்டிடத்தில்தான் முந்தின நாள், அஷ்டமி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வைஃபை படுத்துக் கிடந்தது. போனில் கோடுகள் நிறைந்து நிற்கும்; ஒரு பக்கமும் திறக்காது.

நெட்வொர்க் பிரிவின் தொழில்நுட்ப அதிகாரி குற்றாலலிங்கம் காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார். விடுமுறைதானே என்று சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வருகிற ஆளில்லை அவர். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளத் தலைநகரத்துக்கு வந்து மணக்காட்டில் வீடு கட்டிய குடும்பம். தாத்தா ராஜா காலத்துச் சர்வே கச்சேரியில் இருந்தவர். அப்பா தலைமையாசிரியர். மூன்று தலைமுறையில் ஒருவருக்கும் ஒரு மெமோ வந்ததில்லை என்பதை, சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூட அவர் சொல்லியிருக்கிறார். மகள் திவ்யலட்சுமி அதே ஆராய்ச்சிக் கட்டிடத்தில் உதவிப் பேராசிரியை. சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஜனவரியில் வேலை நிரந்தரமாகும்.

அவருக்கு முன்பே ஷிஜா வந்து, கூரையிலிருக்கும் வைஃபை பெட்டிகளைப் பார்க்க ஏணியைச் சாத்தியிருந்தாள். எட்டு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிற டெக்னீஷியன். மலையடிவாரத்து வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா பொன்முடி எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்து தேயிலைக்கு மருந்தடித்தே நுரையீரல் போனவர். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாளில் முதல் கையெழுத்து குற்றாலலிங்கத்தினுடையது.

"சாரே, ஆக்சஸ் பாயின்ட் ஒண்ணும் கேடில்ல. எல்லாத்தையும் கழற்றிப் பாத்தாச்சு," என்றாள் ஷிஜா. தன் போனை நீட்டினாள். "அட்ரஸ் நோக்குங்க. நம்ம கொடுக்கறது பத்துன்னு தொடங்கும். இது நூத்தித் தொண்ணூத்திரெண்டு. ஆரோ வீட்டு ரவுட்டர் கொண்டுவந்து ரூம்ல சொருகியிருக்கு. அதுவும் கண்ட ஓட்டையில."

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டு ரவுட்டரில் ஒரு துளை தனி நிறத்தில் இருக்கும். வெளியிலிருந்து வருகிற வயர் அதில்தான் போக வேண்டும். பக்கத்துத் துளையில் சொருகிவிட்டால் அந்தச் சின்னப் பெட்டி தன்னையே தலைவன் என்று நினைத்துக்கொண்டு கட்டிடம் முழுவதற்கும் பொய் விலாசம் கொடுக்க ஆரம்பித்துவிடும். அறைகளில் சொந்த ரவுட்டர் வைக்கக் கூடாது, வைத்தால் மெமோ என்று ஜூன் மாதம் சுற்றறிக்கை போனது. அதில் இருந்ததும் அவர் கையெழுத்துதான்.

"எவனாயிருந்தாலும் விடக் கூடாது. எழுத்துல மன்னிப்பு வாங்கணும்," என்றார்.

முதல் மாடி மூலையில் இருக்கும் இரும்பு ரேக்கை ஷிஜா திறந்தாள். அந்தக் கட்டிடத்தில் எல்லாம் பழைய சாமான். ஒவ்வொரு வயராக உருவிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் வயர்கள் ஒழுங்காக இருந்தன. போன மே மாத விடுமுறையில் அவள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, ஒவ்வொன்றின் மறுமுனையையும் தேடிப் போய்ப் பார்த்து, அறை எண்ணை எழுதி ஒட்டியிருந்தாள். அவள் உருவுவாள், அவர் போனைப் பார்ப்பார். நூற்றொன்று, நூற்றிரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு ஒரு வயரை உருவினாள். போனில் அட்ரஸ் பத்துக்கு மாறியது.

ஷிஜா திரும்பச் சொருகினாள். நூற்றித் தொண்ணூற்றிரண்டு. உருவினாள். பத்து.

"கிட்டிப்போச்சு," என்றாள். பிறகு லேபிளை அவர் பக்கம் திருப்பினாள்.

இருநூற்றேழு. திவ்யலட்சுமியின் அறை.

குற்றாலலிங்கம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அந்த அறையின் சாவி அதில் இருந்தது. அஷ்டமி சாயங்காலம் அறையில் புத்தகமும் கருவிகளும் பூஜைக்கு வைத்துவிட்டு, விஜயதசமி காலை பூஜை எடுக்கும் வரை யாரும் திறந்துவிடக் கூடாதென்று மகள் அவரிடம் கொடுத்திருந்தாள்.

"லேபிள் மாறியிருக்கு," என்றார்.

"இல்ல சார். நான் ஒட்டினது."

"முந்நூறு வயர். நாலு நாள்ல ஒட்டினே. ஒண்ணு ரெண்டு மாறாதா?"

"மாறாது சார். ஒரு தடவ திறந்து நோக்கினா மதி, அது போதும். நான் உள்ள வரல. வாசல்லயே நிக்கேன். நீங்களே நோக்குங்க."

"அது பூஜை வச்ச அறை. நாளைக்குத்தான் திறக்கணும். அதுவுமில்லாம அது எங்க பிள்ளையோட அறை. சுற்றறிக்கை டைப் அடிக்கும்போது பக்கத்துல இருந்து படிச்சுப் பாத்த பிள்ள. அங்க அப்படியொரு சாமான் இருக்காது."

ஷிஜா கையிலிருந்த வயரைப் பார்த்தாள். "செரி சார். திறக்க வேண்டா. வயரை மட்டும் உருவியே வைக்கட்டே. நாளைக்குச் சொருகிக்கலாம்."

அதுவும் முடியாது. மகளுடைய கணினியில் மூன்று வாரமாக ஏதோ கணக்கீடு ஓடுகிறது. அதற்கு நிலையான விலாசம் என்பதால் பொய் விலாசம் அதைத் தொடாது; வீட்டிலிருந்தபடியே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயரை உருவினால் மணக்காட்டில் திரை நின்றுபோகும். ஏன் நின்றது என்று அவள் கேட்பாள். உன் அறைமேல் சந்தேகம் என்று ஒரு ஒப்பந்தக்காரி சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று எப்படிச் சொல்வது?

"அங்க கம்ப்யூட்டர் ஓடுது. சொருகு."

"பூஜைக்கு வச்சது ஓடலாமா சார்?"

அவள் சொருகவில்லை. கடைசியில் அவரே கையை நீட்டி அந்த வயரை அதன் துளையில் அழுத்தினார். சுண்டினாற்போல ஒரு சத்தம் கேட்டது.

மீதி அறைகளைத் திறந்து தேடினார்கள். வாட்ச்மேனிடமிருந்த சாவிக்கொத்தில் முப்பது அறைகள். மேசைக்கடி, அலமாரிப் பின்பக்கம், பாத்ரூம் மாடம் வரைக்கும். ஒன்றுமில்லை.

மூன்று மணிக்குத் தேர்வு தொடங்கியது. கூட்ட அறையில் தேர்வு நடத்தியவர்கள் ஒரு போனிலிருந்து இணைப்பு எடுத்துச் சமாளித்தார்கள். முதல் கேள்விக்கு ஆராய்ச்சி மாணவி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது. மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான்காவது தடவை தேர்வாளர் எடுக்கவில்லை. அந்தப் பெண் திருநெல்வேலிக்காரி. ஆறு வருஷ ஆராய்ச்சி. பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு தன் அம்மாவுக்குப் போன் பண்ணி, "இன்னைக்கு இல்லையாம், அம்மா," என்று மட்டும் சொன்னதைக் குற்றாலலிங்கம் கேட்டார்.

கணினி மையத்தின் இயக்குநர் கிருஷ்ணகுமார் நாலரைக்கு அழைத்தார்.

"லிங்கம் சாரே, அந்தப் பொண்ணோட கைடு புரொபசர் வைஸ் சான்சலர் வரைக்கும் போயாச்சு. காரணம் என்ன, ஆரு பொறுப்பு, ரெண்டு வரி மதி. இன்னைக்கே வேணும்."

இரண்டு வரிதான் எழுதினார். 'வயர்களில் ஒட்டப்பட்டுள்ள அறை எண்கள் தவறானவையாதலால் பழுதின் இடத்தைக் கண்டறிய இயலவில்லை. எண்களை ஒட்டிய ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவே இதற்குக் காரணம்.' எழுதும்போது அது பொய்யென்று அவர் நினைக்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யாது என்பது அவருக்கு உண்மை. அது உண்மையென்றால் லேபிள்தான் பொய்யாக இருக்க வேண்டும். அன்று சாயங்காலமே ஷிஜாவை இனி வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

விஜயதசமி காலை பத்து மணிக்கு அப்பாவும் மகளுமாகப் போய் இருநூற்றேழைத் திறந்தார்கள். வாடின முல்லையும் பத்தியும் மணந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து, புத்தகம், எழுத்துப்பலகை, அளவுகோல், பேனா. அவற்றுக்கு நடுவில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து வந்த வயர் அதன் மஞ்சள் துளையில் இருந்தது. நீலத் துளை காலியாக இருந்தது.

குற்றாலலிங்கம் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார்.

"இது எப்பம் வந்தது?"

"ஓணத்துக்குப் பொறவுப்பா. ரூம்ல சிக்னலே கிடைக்கல. உங்ககிட்டக் கேட்டா விடமாட்டீங்க." திவ்யலட்சுமி தரையைப் பார்த்தாள். "இத்தனை நாளும் நல்லாத்தான் இருந்துச்சு. வேலை செய்யுத சாமான் எல்லாத்தையும் பூஜைக்கு வைக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. படத்துகிட்ட வைக்கதுக்கு வயரைக் கழற்றித் திரும்பச் சொருகினேன். எந்த ஓட்டைன்னு பாக்கல."

"சர்குலர்ல இருந்தது எனக்க கையெழுத்து. தெரியுமா?"

"தெரியும்பா."

"நேத்து ஒரு பிள்ளைக்க படிப்பு நின்னு போச்சு. ஷிஜாவை அனுப்பியாச்சு."

"லேபிள் தப்புன்னு சொன்னாங்களே?"

"ஆரு சொன்னது?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஜனவரியில எனக்கு நிரந்தரம் ஆகணும். ஒரு மெமோ வந்தா ஃபைல்ல ஏறிரும். நம்ம வீட்ல ஆருக்கும் வந்ததில்லன்னு நீங்கதானேப்பா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அவர் குனிந்து வயரை உருவினார். விளக்கு அணைந்தது. சந்தனம் அப்பிய பெட்டியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அறையைப் பூட்டிய பிறகுதான் பூஜை எடுக்கவில்லை என்பது இருவருக்கும் நினைவு வந்தது. யாரும் திரும்பிப் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் வித்துரா பஸ் ஏறினார். கிழக்கேகோட்டையிலேயே அவருடைய மைத்துனருக்கு ஒரு மின்சாமான் கடை இருந்தது. அதில் ஷிஜாவுக்கு ஒரு வேலை பேசி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். கடமையைச் செய்யப் போகிற நிமிர்வோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

சந்தையைத் தாண்டி ஓட்டு வீடு. ஷிஜாவின் அம்மா மாடம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "ஐயா இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்களே," என்று பால் விடாத கட்டன்சாயா போட உள்ளே போனாள்.

அவர் கடை வேலையைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் வாங்கியதைவிடக் குறையாது என்றார். ஷிஜா சுவரோரம் நின்றபடி கேட்டாள்.

"இருநூத்தேழு திறந்தாச்சா சார்?"

"திறந்தோம்."

"என்ன இருந்துச்சு?"

ஒரு வார்த்தை போதும். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை அவரிடம் இருந்ததா என்று அவருக்கே தெரியாது.

"புத்தகம். பூஜைச் சாமான்."

ஷிஜா தலையை ஆட்டினாள். "விஜயதசமி அன்னைக்குப் பத்தேகாலுக்கு நெட் தன்னாலே செரியாயிடுச்சுன்னு வாட்ச்மேன் கூப்பிட்டுச் சொன்னாரு. பூஜை எடுக்க நீங்க ரெண்டுபேரும் வந்திருந்தீங்கன்னும் சொன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல சார். கடை வேலையும் வேண்டா. எனக்கு ஒரு வரி எழுதித் தந்தா மதி."

"என்ன வரி?"

"ஷிஜா ஒட்டின லேபிள் செரியாயிருந்துன்னு. அது போதும். வேற எங்கயும் வேலைக்குப் போனா, அங்க ஏன் விட்டேன்னு கேப்பாங்க அல்லே. எங்க அப்பா லயத்துல இருந்தாரு. அவரு தொட்ட வேலையில ஆரும் குத்தம் சொன்னதில்ல."

அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். மூங்கில் கூடையில் கோழி ஒன்று கெக்கரித்துக்கொண்டிருந்தது. லேபிள் சரி என்றால் வயர் இருநூற்றேழினுடையது. வயர் இருநூற்றேழினுடையது என்றால் மெமோ யாருக்கு? அந்த ஒரு வரி வித்துராவில் தொடங்கி நேராக மணக்காட்டு வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும்.

'எட்டு ஆண்டுகள் பணியாற்றினார். நேர்மையானவர், கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உடையவர்,' என்று எழுதினார். இன்னும் இரண்டு வரி புகழ்ந்தும் எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

ஷிஜா நின்றபடியே முழுவதும் படித்தாள். பிறகு நாலாக மடித்து அவருடைய சாயா கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாயா ஆறிப்போச்சு சார். அம்மா வேற போட்டுத் தரும்."

"வேண்டாம். பஸ் இருக்கு."

வாசலில் மாடம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதிலுக்குக் கும்பிட மறந்து தெருவில் இறங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிருஷ்ணகுமார் அவரை அழைத்து, வெளியிலிருந்து ஒரு குழு வந்து எல்லாக் கட்டிடங்களின் வயர்களையும் சோதிக்கப் போகிறது என்றார். "சார் ரிப்போர்ட்ல சொன்ன தப்பு லேபிள்தான் அவங்க முதல்ல நோக்கும். திங்கள் பதினொண்ணுக்கு."

திங்கள் காலை எட்டு மணிக்குக் குற்றாலலிங்கம் ரேக்கைத் திறந்தார். இருநூற்றேழும், பூட்டிக் கிடக்கும் ஸ்டோர் ரூமான இருநூற்றெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஷிஜா ஒட்டின லேபிள் லேசில் வரவில்லை; நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. வயரின்மேல் ஒட்டியிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்தார். அவளுடைய எழுத்து எப்படியிருக்கும் என்று மற்ற லேபிள்களைப் பார்த்து, ஏழுக்கு நடுவில் அவள் போடுகிற சின்னக் குறுக்குக் கோட்டையும் போட்டு, புதிதாக இரண்டு எழுதினார். இடம் மாற்றி ஒட்டினார்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. வயர் முனைகளைக் கருவி வைத்துச் சோதித்தார்கள். முந்நூறில் இரண்டே இரண்டு லேபிள்கள்தான் தவறு என்று எழுதிக்கொண்டார்கள். அறிக்கையைத் துல்லியமாகத் தயாரித்திருக்கிறார் என்று கிருஷ்ணகுமார் எல்லார் முன்னிலையிலும் லிங்கம் சாரைப் பாராட்டினார். அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றி என்றார்.