வீட்டில் ஆள் இல்லாத ஒரு வாரம்

கைபேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் மகள், தான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. கன்னத்தில் தலையணைக் கோடுகள் இன்னும் மறையவில்லை. மனைவிக்கோ நாள் முடிந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்தது அன்றைக்கு முதல் டீ, அவள் கையிலிருந்தது கடைசி டீ.

"டிக்கெட்டும் ரூமும் என் பொறுப்புன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். எங்க போறது, என்ன பாக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். பண்ணியாச்சா, இல்ல இன்னும் நீ சொல்லு, நீங்க சொல்லுங்கதானா?" என்றாள் மகள்.

"ஆச்சு ஆச்சு" என்றார் அவர். "பாதி அம்மா, பாதி நான். மொத நாலு நாள் பழைய நகரம், அது அவ பாடு. அப்புறம் தீவு. அது என் பாடு."

அவருக்குச் சொல்லும்போதே முகம் மலர்ந்தது. ஊருக்குக் குடிநீர் ஏற்றும் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் அவர். வரிசையாக ஓடும் மோட்டார்களில் ஒன்று லேசாகச் சத்தம் மாறினாலும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஊரே குளித்து, துவைத்து, சமைத்துக் குடிக்கிற தண்ணீர் அவர் காதுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் எல்லாம் இரும்புக் குழாய்க்குள். நீச்சல் தெரியாது. தலை முங்குகிற அளவு தண்ணீரில் ஒருநாளும் இறங்கியது கிடையாது. அதனால்தானோ என்னவோ, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் தலையை விட்டு மீன் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். காட்டுக்குள் நடந்து போனால் ஓர் அருவி இருக்கிறதாம், இருட்டில் படகில் போனால் துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் மினுங்குமாம். எல்லாவற்றையும் யார் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார்.

அவள் ஆசை வேறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். படுக்கை விரிப்பும் போர்வையும் அறுவைக்கூடத்துப் பச்சைத் துணியும் மலையாக வந்து குவியும். பிரித்து, கொதிக்க வைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பினால் மறுநாள் அதே மலை அதே இடத்தில் நிற்கும். எவ்வளவு நல்ல துணியானாலும் சில மாதக் கொதிப்பில் நைந்து கிழிந்துவிடும். அந்தப் பழைய நகரத்தின் அருங்காட்சியகத்தில் ராஜாக்கள் காலத்துத் துணி மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று மகள் சொன்னதிலிருந்து, அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடத் துடித்தாள். பிறகு கோட்டை மதில், மணிக்கூண்டு, வணிகர் தெருவின் செதுக்கு வேலைக் கதவுகள்.

அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். "காலைல எந்திரிச்சதும் நான் வணிகர் தெருவுக்குப் போயிடுவேன். வெயில் ஏறதுக்குள்ள கதவெல்லாம் பாத்துட்டு, அப்படியே அருங்காட்சியகம். அப்பா அதுவரைக்கும் தூங்கட்டும். மத்தியானம் நான் வந்து படுத்துக்கறேன். அப்பா எந்திரிச்சு மணிக்கூண்டு, கோட்டை எல்லாம் பாக்கட்டும். ராத்திரி கோட்டைக்கு விளக்கு போடுவாங்களாம், அவருக்கு அது தோதா இருக்கும்."

மகள் அங்கே குறித்துக்கொண்டாள். "சரி. தீவு?"

"நான் ராத்திரி படகுக்குப் போயிடுவேன்" என்றார் அவர். "விடியக்காலைல மீன் பாக்கறது. அதுக்குள்ள அம்மா எந்திரிச்சிருவா. நான் வந்து படுத்தா அவ அருவிக்குப் போயிட்டு வரலாம், கூட்டிட்டுப் போக ஆள் இருக்காங்களாம். ஒண்ணே ஒண்ணு, ரூமுக்கு ஒரே சாவின்னா யார்கிட்ட குடுக்கறதுன்னு கேட்டுக்கோ."

"எதுக்குச் சாவி? எப்பவும்தான் ஒருத்தர் உள்ள இருப்போமே" என்றாள் அவள்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

மகள் துண்டைத் தலையிலிருந்து எடுத்தாள். குறித்ததை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தாள். முதலில் சிரிப்பதுபோல்தான் இருந்தது. பிறகு சிரிக்கவில்லை.

"அம்மா, இதுல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பாடுகூட இல்லையே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இது இப்படி ஆனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மகள் பிறந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார், அவள் காலை ஷிஃப்ட். இப்போதைக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்த இப்போதைக்கு இருபது வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். "ஜுரம் இறங்கிருச்சு. பால் காய்ச்சியாச்சு. கேஸ் தீரப்போகுது" என்று வேலையிடத்தில் பொறுப்பு ஒப்படைக்கிற மாதிரியே வீட்டையும் ஒப்படைப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு அவர் போனால் அடுத்த கல்யாணத்துக்கு அவள். இரண்டு பேருக்கும் ஆகாது போலிருக்கிறது என்று சொந்தத்தில் கொஞ்ச நாள் கிசுகிசுத்தார்கள். பிறகு விஷயம் தெரிந்து, பகல்காரி, ராத்திரிக்காரர் என்று பேர் வைத்துவிட்டு நிம்மதியானார்கள். வார விடுமுறையும் அவளுக்கு ஞாயிறு, அவருக்குப் புதன். மகள் வளர்ந்து, படித்து, வேலைக்கு வேறு ஊருக்குப் போன பிறகும் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அவருக்குப் பகல்லதானே தூக்கம் வரும்? கெடுக்க வேண்டாமேன்னுதான்" என்றாள் அவள்.

"அவ வருஷமெல்லாம் இருட்டோட எந்திரிக்கறா. அங்கயாவது நிம்மதியா தூங்கட்டும்னுதான்" என்றார் அவர்.

மகள் குறித்ததையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நின்றுவிட்டது என்று நினைத்து அவர் கைபேசியைத் தட்டப் போனார்.

"ஸ்கூல்ல என்கூடப் படிச்ச பொண்ணுங்க பாதிப் பேர் கழுத்துல சாவி மாட்டிட்டு வருவாங்க" என்றாள் மகள். "எனக்கு அந்தச் சாவி மேல அவ்வளவு ஆசை. நான் மட்டும் எப்ப வந்தாலும் நம்ம கதவு திறந்திருக்கும். ஒருநாள்கூட பூட்டின வீட்டுக்கு நான் வந்ததில்லப்பா. அது என்னன்னு இங்க வந்து, இருட்டு ரூமை நானே திறந்து உள்ள போனப்பதான் தெரிஞ்சுது. அதுக்காகத்தான் இந்த டிக்கெட். எனக்குக் காவல் இருந்தது போதும். ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வாங்க. வீட்டைப் பூட்டிட்டுப் போங்க."

யோசித்து மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

மகள் சொன்னது அம்மாவின் மனசை நிறைத்தது உண்மை. கிடைக்க வேண்டிய கூலியெல்லாம் ஒரே வாய்வார்த்தையில் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு நாள். காலை, மதியம், ராத்திரி, எதிரே இதே மனிதர். என்ன பேசுவது? கேஸ் தீர்ந்ததையும் பால் காய்ச்சியதையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது? அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் இல்லாதபோதுதான் தெரியும். தலையணையில் இருக்கும் குழியை வைத்து நன்றாகத் தூங்கினாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். துண்டு கொடியில் நேராகத் தொங்கினால் மனசு சரியாக இருக்கிறது, கோணலாகத் தொங்கினால் வேலையில் ஏதோ சிக்கல். இத்தனை வருஷத்தில் அவள் வேலை முடிந்து வரும்போது பிளாஸ்கில் டீ இல்லாத நாள் ஒன்று கிடையாது. சண்டை போட்டுக்கொண்ட நாட்களிலும் இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது. அந்த டீயை நினைத்தபோது அவள் கண் நிறைந்தது. இந்த மனிதருக்கு ஒருமுறைகூட முகத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. குடிக்கும்போது அவர் விழித்திருந்தால்தானே சொல்வதற்கு.

அவரும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார், "பூட்டிட்டுப் போகச் சொல்றாளே. நம்மகிட்ட பூட்டு எங்க இருக்கு?"

அவள் யோசித்தாள். இல்லைதான். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வெளியே பூட்டுப் போடுகிற கொண்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் பெயிண்ட் பூசிப் பூசி அது கதவோடு கதவாக ஒட்டிப்போய்விட்டது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"வாங்க, போய் வாங்கிட்டு வரலாம்" என்று எழுந்தவள், இரண்டடி வைத்து நின்றாள். "ரெண்டு பேரும் போனா வீடு திறந்து கிடக்குமே."

"நான் போறேன். நீ இரு" என்றார் அவர்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்" என்றாள் அவளும், அதே மூச்சில். சொல்லிவிட்டு இருவரும் அசடு வழிய நின்றார்கள். பூட்டு வாங்கவும் ஷிஃப்ட்தான் போட வேண்டியிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "புது வீடா சார்னு கேட்டான் கடைக்காரன். பழைய வீடுதான்னேன். இத்தனை நாள் என்ன பண்ணீங்கன்னான். ஆள் இருந்துதுன்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல." உறையைப் பிரித்து, பித்தளை மின்னுகிற பூட்டை மேசைமேல் வைத்தார். இரண்டு சாவிகள். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

கொண்டியைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. பழைய கத்தியால் அவர் சுரண்ட, அவள் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். முதலில் இப்போதைய வெளிர் மஞ்சள் உதிர்ந்தது. அதற்கடியில் பச்சை. "இது நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அடிச்சது" என்றாள். பச்சைக்கு அடியில் ஒரு நீலம். நீலத்தைப் பார்த்ததும் அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அது அவர்கள் குடிவந்தபோது, ஷிஃப்டெல்லாம் வருவதற்கு முன்னால், இருவரும் சேர்ந்து அடித்த பெயிண்ட். அன்றைக்கு அவர் மூக்கில் நீலம் ஒட்டியிருந்ததும், அதைச் சொல்லாமலேயே கடைக்கு அனுப்பிவைத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அருங்காட்சியகத்துக்கு நானும் வரேன்" என்றார் அவர், சுரண்டுவதை நிறுத்தாமல். "ஆனா பகல்ல கண்ணைச் சொருகிடும்."

"பெஞ்சு இருக்கும். தூங்குங்க. நான் துணியைப் பாத்துட்டு பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்."

"ராத்திரி படகுக்கு நீ வருவியா?"

"வந்தா படகுலயே தூங்கிடுவேன்."

"தூங்கு. தண்ணி மினுங்கறப்ப எழுப்பறேன்."

அவள் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் பேசியதில் பாலும் இல்லை, கேஸும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சாயங்கால டீ நல்லா இருக்குங்க" என்றாள்.

"இன்னிக்கு டீ நீதானே போட்டே?"

"இன்னிக்கு இல்ல. எப்பவும் பிளாஸ்குல இருக்குமே, அது."

அவர் கத்தியைப் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கொண்டிப் பக்கம் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

கொண்டி ஒரு முனகலோடு கதவை விட்டுப் பிரிந்தது. ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் அவர். அவர் வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. விளக்கை அணைத்தார்கள். இருவரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டி, அவள்தான் பூட்டை அழுத்தினாள். படியிறங்கித் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. நடுவில் அவர்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. எந்த ஷிஃப்ட் முடிந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் அந்த ஜன்னலில் ஒரு வெளிச்சம் இருக்கும். விளக்கில்லாமல் தன் வீடு எப்படி இருக்கும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அப்போது உள்ளே கைபேசி அடித்தது. மேசைமேல் சர்க்கரை டப்பாவில் சாய்ந்தபடியே அது இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் சின்னதாக நீல வெளிச்சம் துடித்தது. மகள்தான். அவள் சாவியோடு படியில் கால் வைத்தாள். அவர் அவள் முழங்கையை லேசாகத் தொட்டார்.

"இருக்கட்டும். வீட்ல யாரும் இல்லன்னு அவளுக்குத் தெரியட்டும்."

அடித்து ஓயும்வரை இருவரும் தெருவில் நின்றார்கள். ஒரு நிமிஷம் கழித்து அந்த இருட்டு ஜன்னலில் நீலம் மறுபடியும் துடிக்கத் தொடங்கியபோது, ஆளுக்கொரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அவர்கள் ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.