மூட்டையின் முதுகு

அவள் அக்குபங்சர் ஊசி போடப் பழகியதெல்லாம் தன் புருஷனின் முதுகில்தான். வேறு யார் முதுகைக் கொடுப்பார்கள்? மனிதர் லாரி ஓட்டுகிறவர். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் மூட்டை. விடுமுறை நாளில் குப்புறப் படுத்துவிடுவார், அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குத்துவாள். ஒரு வருஷத்தில் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, புண்ணியவான்.

ஒரே குறை, எலும்பை எண்ணித்தான் ஊசி போடும் புள்ளியைப் பிடிக்க வேண்டும், அத்தனை சதைக்குள் எலும்போ கைக்கு அகப்படாது. "உங்க உடம்புல எலும்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். மறுநாள் அவர் இரண்டு மாத நெடும்பயணம் கிளம்பினார். அவளுடைய அக்குபங்சர் தேர்வன்று காலை நேரே தேர்வுக்கூடத்துக்கு வந்துவிடுவதாகப் பேச்சு, ஏனென்றால் ஊசிக்குப் படுக்கிற ஆளைத் தேர்வெழுதுகிறவர்களே கூட்டிவர வேண்டும்.

அவர் வந்து சேர்ந்தபோது அவள் கை கழுவப் போயிருந்தாள். திரும்பினால் மேசைமேல் கழுத்துவரை துணியைப் போர்த்திக்கொண்டு குப்புறக் கிடக்கிறார். முகம் வைக்கிற ஓட்டைக்குள்ளிருந்து, "வந்துட்டேன்" என்றது குரல். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தேர்வாளர் அம்மாள் மேல்முதுகில் ஒரு புள்ளியைச் சொன்னார். தோல், சதை, விலா எலும்புகளின் இடுக்கு, அதற்கப்புறம் நுரையீரல். ஊசி அதில் பட்டால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போகும். தேர்வு கிடக்கட்டும், ஆளுக்கே ஆபத்து.

துணியை மேல்முதுகுவரை மட்டும் விலக்கி, கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து கீழே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எலும்புகள் தாமாக விரலுக்குக் கிடைத்தன. பதற்றத்தில் அதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள். படுத்திருப்பவரின் கட்டைவிரல் அகலம்தான் அளவு, அந்த அகலத்தைக் கொண்டு பக்கவாட்டில் ஒன்றரை விரல் அளந்தாள். விரல் பழைய விரல், புள்ளியும் பழைய இடம். வழக்கமான நீள ஊசியை நேராக நிறுத்தினாள். அவருக்கு எவ்வளவு ஆழம் என்பது கைக்கு மனப்பாடம்.

குத்துமுன் இடது விரலால் அழுத்தினாள். எப்போதும் விரல் அமுங்கிப்போகிற இடத்தில் தோலுக்கடியிலேயே விலா நின்றது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் பார்த்தாள், மச்சம் இருந்தது. அவரேதான்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?"

"நான் பழகின உடம்பு இது இல்லை மேடம். என் கை வழக்கமாப் போற ஆழத்துக்குப் போனா நுரையீரல்ல குத்திடும்."

குட்டை ஊசி ஒன்றை எடுத்து, முதுகெலும்புப் பக்கமாகச் சாய்த்து, கொஞ்சமாக உள்ளே விட்டு நிறுத்தினாள். தேர்வாளர் குனிந்து சாய்வைப் பார்த்தார், ஆழத்தைப் பார்த்தார். "தேர்ச்சி" என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"எலும்பு சுலபமாக் கிடைச்சுதா?" என்றது ஓட்டைக்குள்ளிருந்து குரல். "நீ கஷ்டப்படக் கூடாதுன்னு ரெண்டு மாசமா அரை வயிறுதான்."

அவள் மேசைக்கடியில் குந்தி நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஒட்டிய முகம் பெருமையாகச் சிரித்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்களைக் கொன்னிருப்பேனே" என்றாள். "அசையாதீங்க. ஊசியை எடுத்ததும் முதல்ல போய்ச் சாப்பிடறோம்."