தகட்டுக்கு அடியில் இருந்த எண்

"பிரிச்சு வித்துடு வெர்னா. எத்தனை வருஷம்தான் இந்தப் பொணத்தைக் கட்டிக்கிட்டு அழுவே?"

மூத்த ரிப்பேர்க்காரர் ஹார்லன் இதைச் சொன்னபோது அல்டூனா ஊர்த் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடிகாரச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம். மேசையில் ஆளுக்கொரு காப்பி, நடுவில் டோநட் பெட்டி, சுற்றிலும் பழைய ரயில்வே கடிகாரங்கள்.

அவர் பொணம் என்றது வெர்னாவின் அப்பாவுடைய கடிகாரத்தை. முப்பது வருஷம் ரயிலில் கண்டக்டராக இருந்த மனிதர் பையில் போட்டிருந்தது. டயல் இருக்கிறது, முள் இருக்கிறது, வெள்ளி மூடி இருக்கிறது. ஆனால் உள்ளே ஆடவேண்டிய பேலன்ஸ் சக்கரமும் இல்லை, அதைத் தாங்கும் தகடும் இல்லை. அவை இரண்டும் இல்லாவிட்டால் மிச்சம் எது இருந்து என்ன பிரயோஜனம்?

வேறொரு கடிகாரத்திலிருந்து எடுத்துப் போடலாம். அதற்கு நன்றாக இருக்கிற ஒன்றைக் கொல்ல வேண்டும். வெர்னாவுக்கு அதில் மனசே இல்லை. அவளும் ரிப்பேர்க்காரிதான். பதினோரு வருஷம் சந்தை சந்தையாகத் தேடிச் சலித்துப்போய், அன்று பாகங்களைத் தனித்தனியாகப் போட்டு வைக்கச் சின்னப் பைகள்கூட வாங்கி வந்திருந்தாள்.

"உன் தம்பி பண்ணின வேலை. நாம என்ன செய்ய முடியும்?" என்றார் ஹார்லன்.

தம்பி லெஸ்டரின் பேரைக் கேட்டாலே வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடிகாரம் துடைப்பதற்காக ஹார்லனிடம் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் அதை லெஸ்டர் வீட்டில் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வெர்னா கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஓட்டை. லெஸ்டர் அப்போது குடித்துக்கொண்டிருந்தான். வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். அப்புறம் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது? சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திருடன் என்றாள். "நான் குடுத்தப்ப ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்று ஹார்லனும் பக்கத்தில் நின்று சொன்னார். அன்றோடு அக்கா தம்பி பேச்சு அறுந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் ஹார்லன் தன் சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அதே கம்பெனி, அதே ரகம்.

"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் எண்ணெய் மட்டும் போட்டுக் குடு. பிரிக்காதே."

பிரிக்காமல் எண்ணெய் போடுவதாவது! குளிக்காமல் சட்டை மாற்றுகிற மாதிரி. நாற்பது வருஷம் கடிகாரத்தோடு கிடந்த மனிதர் இன்னொரு ரிப்பேர்க்காரியிடம் சொல்கிற பேச்சா இது? வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிரித்தாள்.

பழைய ரயில்வே கடிகாரங்களில் தொழிற்சாலைக்காரர்கள் உள்தகடுகளின் அடியிலும் கடிகாரத்தின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். கழற்றியதும் திருப்பி அந்த எண்ணைக் குறித்துக்கொள்வது அவள் வழக்கம். பேலன்ஸ் தகட்டைத் திருப்பி, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தாள். கடைசி நான்கு இலக்கம் 4417.

ஹார்லனின் கடிகாரம் 8032.

4417 அப்பாவுடையது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மூன்று தடவை பார்த்தாள். அடப்பாவி மனுஷா! என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்ன கையா இதைக் கழற்றியது?

மதியம் அவர் வீட்டுச் சமையலறையில் ஹார்லன் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெர்னா தகட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"பிரிக்காதேன்னு சொன்னேனே" என்றார் அவர்.

"அதுல இருக்கிற நம்பரைப் படி."

"கண்ணு தெரியலை."

"நான் படிக்கிறேன். நாலு, நாலு, ஒண்ணு, ஏழு."

முள்கரண்டி கீழே இறங்கியது. "என் கடிகாரம் கை தவறி விழுந்து அந்தப் பாகம் உடைஞ்சு போச்சு வெர்னா. உங்கப்பா இனிமே எழுந்து வந்து மணி பார்க்கப் போறதில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வேற கிடைச்சதும் மாத்தி வச்சிடலாம்னுதான்..."

"லெஸ்டரைத் திருடன்னு சொன்னப்ப நீ என் பக்கத்துலதானே நின்னே?"

"நீயாத்தான் அவனைச் சொன்னே. நானா சொன்னேன்? நான் இல்லைன்னு சொல்லலை, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! வெர்னா அப்பாவின் தகட்டையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டாள். அவருடைய கடிகாரத்தை, அந்த ஓட்டையோடு, அவள் வாங்கிய சின்னப் பை ஒன்றில் போட்டு மேசையில் வைத்தாள்.

"இந்தா உன் பொணம். பிரிச்சு வித்துடு."

அன்று மாலைக்குள் அப்பாவின் கடிகாரத்தைக் கோத்து முடித்தாள். சக்கரம் தன் சொந்த இடத்தில் உட்கார்ந்ததும் தயங்காமல் ஆடத் தொடங்கியது. பதினோரு வருஷத் தேடல் முக்கால் மணி நேர வேலையாக முடிந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, மறக்காமல் இருந்த அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

லெஸ்டர்தான் எடுத்தான். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஹார்லன், தகடு, எண், ஆப்பிள் பை வரை ஒன்று விடவில்லை.

"என்னை மன்னிச்சிடுடா தம்பி. அந்தாள் என்னை நல்லா ஏமாத்திட்டான். கடிகாரம் இப்ப ஓடுது. நானே கொண்டு வந்து தர்றேன்."

"அன்னைக்கே சொன்னேன்க்கா" என்றான் லெஸ்டர். குரலில் கோபம்கூட இல்லை. "அவர் குடுத்தப்பவே ஓடலைன்னு எத்தனை தடவை சொன்னேன். நீ என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்தே."

"டேய்..."

"அவர் அன்னியர். ஏமாத்தினாரு, சரி. நீ யாருக்கா?"

வெர்னா வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. கையில் கடிகாரம் ஒரு நொடிகூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.