மூன்று இரவுக்குக் கொடுத்த கல்

அன்று காலை பதினொன்றரை மணிக்கு அப்துல் லத்தீப் பாயின் நகைப் பட்டறையில் இருந்தவர்கள்:

நான், ராஜ்மோகன். ஐஸ் பிளான்ட்டில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்காமல் வந்தவன்.

என் அம்மா பங்கஜவல்லி.

பூவம் ஊர்க்காரர் சுவாமிநாதன். எனக்கு மாமனார் ஆகவேண்டியவர்.

அவர் மகள் சிவப்ரியா. எனக்கு மனைவி ஆகவேண்டியவள்.

லத்தீப் பாய்.

மேசைமேல் கல் இல்லாத ஒரு மோதிரம். அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் கூடியிருந்தோம்.

மோதிரத்தின் கதை சின்னது. இரண்டு மாதம் முன்பு பூவத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அடுத்து வரும் நிச்சயதார்த்தத்தில் நான் அவளுக்கு வைர மோதிரம் போடுவதாகப் பேச்சு. கடைகளில் பார்த்த எதுவும் சிவப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்கக் கையுறையைப் போடுவதும் கழற்றுவதும்தான். கல் தூக்கிக்கொண்டு நின்றால் கையுறை கிழியும். அதனால் லேப் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் தானே படம் வரைந்து கொண்டுவந்தாள். கல் தங்கத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். லத்தீப் பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்து வருடமாகத் தன்னிடம் வருகிறவர்களுக்குக்கூட இவ்வளவு தெளிவு கிடையாது என்றார். மெழுகில் ஒரு மாதிரி செய்து கொடுத்தார். அவள் அதை விரலில் மாட்டி, மேலே ஒரு கையுறையையும் மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இவ்வளவு மெனக்கெட்டவள் கல்லை ஏன் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீடுகளில் வைரத்தை வாங்கியதும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலரைக் கவிழ்த்துவிடும் என்று பயம். பதிக்கும் முன்னால் கல்லை மட்டும் மூன்று இரவுக்கு வாங்கிப் போவார்கள். காகிதத்தைப் பிரித்து, கல்லை மஞ்சள் துணியில் முடிந்து, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். கெட்ட கனவோ காய்ச்சலோ வந்தால் கல் கடைக்குத் திரும்பிவிடும். ஏன் என்று கடைக்காரர் கேட்கக் கூடாது. லத்தீப் பாய்க்கு இதில் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களிடம்தான் தனக்கு வியாபாரம் என்பார்.

முதல் கல் இருபது சென்ட், அதாவது கேரட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மிளகைவிடச் சிறியது. கொடுக்கிறவன் வீட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அங்கேயே குழப்பம் தொடங்கியது. நான் இரவில் தூங்குகிறவன் இல்லை. மாலை ஏழு மணிக்குக் கருக்களாச்சேரிப் பக்கம் இருக்கும் ஐஸ் பிளான்ட்டுக்குப் போனால், படகுகளுக்கு ஐஸ் அரைத்துக் கொட்டிவிட்டுக் காலையில் வந்து விழுவேன். பகல் தூக்கம் கணக்கில் வருமா என்று அம்மா பாய்க்குப் போன் போட்டுக் கேட்டாள். தூக்கம் என்றால் தூக்கம்தான், சூரியனைப் பார்த்தா கல் வேலை செய்கிறது என்றார் அவர். மூன்று பகல் தூங்கினேன். ஒரு கனவும் வரவில்லை. எனக்கு எப்போதும் வராது. இரண்டாம் நாள் பிளான்ட்டில் கம்ப்ரஸர் நின்றுபோனது. அது என் கணக்கா, முதலாளி கணக்கா என்று அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள்.

பிறகு கல் பட்டறைக்குத் திரும்பி, பாய் கையால் மறுபடி மடிக்கப்பட்டுப் பூவம் போனது. நான்காம் நாள் சுவாமிநாதன் அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். ஒத்துக்கவில்லை என்று ஒரு வார்த்தை. இரண்டாவது பொட்டலம் நேராகப் பூவம் போனது. நான்காம் நாள் அதே வார்த்தை. இந்த முறை காய்ச்சலும் வந்ததாம்.

சிவப்ரியாவிடம் போனில் கேட்டிருக்கலாம். இரண்டு முறை நம்பரை எடுத்தேன். கல் பிடிக்கவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்க வேண்டும். பதில் இரண்டாவதாக இருந்தால் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் பாதியில் விட்டவன். ராத்திரி வேலை. பகலில் ஜன்னலில் போர்வை தொங்கும் வீடு. மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டிய ஆள் இல்லை நான். அவள் வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன். வேண்டாம் என்று சொல்லாமல் கல்லைத் திருப்புவதுதான் புரியவில்லை.

அன்று பட்டறையில் சுவாமிநாதன் அந்த இரண்டாவது பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். வெற்றிலை மாற்றிய நாளிலிருந்து மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் அதைக் கவனித்தாள். என் ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டலாமா என்று அவளே ஆரம்பித்தாள். சுவாமிநாதன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது கல்லும் இப்படியே ஆனால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். சிவப்ரியா வந்து உட்கார்ந்ததுமே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். சாப்பிடாமல் வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க விடிவதற்கு முன்பே லேபுக்குப் போனவள். அப்பா வரச்சொன்னார் என்பதற்காக அப்படியே வந்திருந்தாள்.

லத்தீப் பாய் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எழுந்து, உள்ளறைக்கு வரும்படி எனக்குத் தலையசைத்தார்.

உள்ளறை அவர் மதியம் ஒரு மணி நேரம் படுக்கும் இடம். முன்பு பெட்டகம் இருந்த அறை என்பதால் இரும்புக் கதவு. உள்ளே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கம்பி போட்ட சின்ன ஜன்னல்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க” என்றார். “இந்த மடிப்பு என் மடிப்பு. எங்க அத்தாகிட்ட நான் பழகினது. ஏழு மடி, கடைசி முனையை உள்ள சொருகுவேன். பிரிச்சுட்டா இன்னொருத்தரால திரும்ப இப்படி மடிக்க முடியாது. மொதப் பொட்டலம் என் மடிப்புலயேதான் வந்துச்சு.”

“பிரிக்கவே இல்லையா?”

“பிரிக்கல. சந்தேகத்துக்கு ரெண்டாவதுல வைரம் வைக்கல. இதுவும் அப்படியேதான் வந்திருக்கு.”

அவர் பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார். ஒரு கல்கண்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் சின்னச் சதுரக் கல்கண்டு.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கல்கண்டினால் காய்ச்சல் வந்த பெண்ணை நினைத்துப் பார்த்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒத்துக்கவில்லை என்று சொல்லி அனுப்பியவளையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள் என்று படவில்லை. பெரியவங்க மானம் போகாம நீங்களா பேசி முடிச்சுக்கங்க என்றார் பாய். அந்த மாதிரிப் பேசத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஐஸ் பிளான்ட்டில் இருக்க மாட்டேன். வெளியே வந்து கல்கண்டை மேசைமேல், மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“பொட்டலத்துல இதுதான் இருந்துச்சு” என்றேன்.

அதற்கடுத்த சில நிமிடங்கள் எல்லாம் தலைகீழாகப் போயின. அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு சுவாமிநாதனைப் பார்த்தாள். வைரம் எங்கே என்று கேட்டாள், சம்பந்தி என்றுகூடச் சேர்க்காமல். சுவாமிநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாங்கின பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்ததாகச் சத்தியம் செய்தார். முப்பது வருடம் அரசாங்க ஆபீஸில் ஒரு பேனா எடுத்ததில்லை என்றார். லத்தீப் பாய் நடுவில் நின்று, கல்கண்டை வைத்தது தான்தான் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், வைரத்துக்குக் காசு பேசிவிட்டுக் கல்கண்டு கொடுப்பாரா என்று அவர்மீது பாய்ந்தாள்.

இவ்வளவு சத்தத்தில் சிவப்ரியா கண்ணைத் திறந்திருந்தாள்.

“எந்தப் பொட்டலம்?” என்றாள்.

அம்மா மேசையைக் காட்டினாள்.

“எங்கிட்ட யாரும் பொட்டலமே தரல. கல்லு இன்னும் வரலன்னுல்ல அப்பா சொன்னாங்க.”

“ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சேம்மா” என்றாள் அம்மா.

“மழையில நனைஞ்சு ஸ்கூட்டர் ஓட்டினேன், வந்துச்சு.”

நான் சுவாமிநாதனைப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டது. வேண்டாம் என்றது அவள் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெண்ணின் அப்பாவே வெட்டிவிட நினைத்தால், அது இன்னும் உறுதியான முடிவு அல்லவா?

என்னைப் பிடிக்கவில்லை என்றால் வெற்றிலை மாற்றும் முன்பே சொல்லியிருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணு தலைக்கடியில வைக்க மனசு வரல” என்றார். “ஒத்துக்கலன்னா அவளுக்குல்ல கெடுதி. அதான் என் தலைக்கடியில வச்சுக்கிட்டேன்.”

லத்தீப் பாய் சுவாமிநாதனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வருடத் தொழிலில் இதை அவர் கேட்டிருக்க மாட்டார். போடப்போகிறவள் ஒருத்தி, தூங்கிப் பார்ப்பவர் இன்னொருவர்.

ஏன் பிரிக்கவில்லை என்று பாய் மெதுவாகக் கேட்டார். கை நடுங்குமாம். கீழே விழுந்து உருண்டால் எங்கே போய்த் தேடுவது என்று பொட்டலத்தோடு வைத்துக்கொண்டாராம்.

“கனவு வந்துச்சு” என்றார் சுவாமிநாதன். “மூணு ராத்திரியும் ஒரே கனவு. இவ ஒரு வீட்டு வாசல்ல நின்னு கதவத் தட்டுறா. உள்ள ஆளில்ல. வெளியில பூட்டியிருக்கு. தெருவுல ஒரு வெளக்கு கெடையாது. ரெண்டாந்தடவையும் அதேதான்.”

“ரெண்டாந்தடவை கல்கண்டு” என்றார் பாய்.

“அதான் எனக்கும் வெளங்கல.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஆனால் அந்த வீடு எது என்று எனக்குத் தெரிந்தது. ராத்திரியில் ஆள் இல்லாத வீடு என் வீடுதான். அவரும் அதை மனதில் வைத்துத்தான் இரண்டு மாதமாகத் தூங்கியிருக்கிறார். வேலையை விடுகிறேன் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது, பொய்யாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதை அப்படியே சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

சிவப்ரியா எழுந்து அவள் அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

“உங்க கனவுல எங்கிட்ட சாவி இல்லையாப்பா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “பாக்கலம்மா” என்றார்.

அவள் லத்தீப் பாயின் பக்கம் திரும்பி, முதல் கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். தனக்கு வேண்டும் என்றாள். மூன்று இரவுக்கா என்று கேட்டுவிட்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம், இனிமேல் இந்தக் கல் கடையை விட்டு வெளியே போகாது என்றார் பாய். அவரைத் தப்பு சொல்ல முடியாது.

“வெளிய வேணாம்” என்றாள். உள்ளறைக் கதவைக் காட்டினாள். “அங்க கட்டில் இருக்குல்ல. நான் இப்பவே தூங்கிப் பாக்குறேன்.”

“பட்டப்பகல்லயா?” என்றார் சுவாமிநாதன்.

“இவங்க பகல்லதானே தூங்கிப் பாத்தாங்க. அது கணக்குல வந்துச்சுன்னா இதுவும் வரும். என்ன பாய்?”

லத்தீப் பாய் தாடியைத் தடவினார். தூக்கம் என்றால் தூக்கம்தான் என்று சொன்னவர் அவர். “மூணு தடவை தூங்கணுமேம்மா” என்றார் கடைசியாக.

“ஒரு தடவையிலயே தெரிஞ்சிடும். விடியறதுக்கு முன்னாடி எழுந்தவ நான். இப்ப படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? அவளுக்கு என்மேல் விருப்பமா, அப்பாமேல் கோபமா, வெறும் தூக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் இருக்கலாம். ஒரு வேளை உள்ளே போய்த் தூங்கிவிட்டு வந்து, எனக்கும் கதவு தட்டுகிற கனவுதான் வந்தது என்று அவள் சொல்லலாம். சொன்னால் இந்த மோதிரத்தில் கல் ஏறாது. அதோடு முடிந்தது. இந்த முறை திருப்புவது அவளாகவே இருக்கும். அது எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டேன். போதாது என்றும் உடனே தெரிந்தது.

பெட்டகத்திலிருந்து முதல் பொட்டலம் வந்தது. பாய் அதை அவளிடமே கொடுத்தார். அவள் ஏழு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கை நடுங்கவில்லை. நரம்பு தேடும் கை அது. மெருகு போட வைத்திருந்த மஞ்சள் துணியில் பாய் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க, கல்லை அதில் முடிந்துகொண்டாள். மேசைமேலிருந்த கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

போகும்போது என் முன்னால் நின்றாள்.

“நீங்களும் தூங்கலைல்ல?”

“இல்ல.”

“இந்தப் பெஞ்சுல படுங்க. எழுந்ததும் சொல்றேன்.”

சுவாமிநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கதவைச் சாத்த வேண்டாம், ஒருக்களித்து வை, போதும் என்றார்.

“சத்தம் வரும்ப்பா” என்றாள்.

லத்தீப் பாயிடம் கையை நீட்டினாள். அவர் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். இரும்புக் கதவு மூடியது. உள்பக்கத்தில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.