பக்கம் பூட்டப்பட்ட வருடம்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில், ஆட்டிசத்துக்கான ஒரு பயிற்சி பற்றிய கட்டுரையில் ‘இதனால் குழந்தைகள் கைகளை உதறுவது நின்றுவிடும்’ என்ற வரி இருக்கும்போதெல்லாம், மருந்துக்கடைக்கார அம்மாளின் மகளுக்குக் கை உதறாது. வரியை எடுத்தால் உதறும். சாப்பிட, எழுத எல்லாம் கை வரும். உதறல் மட்டும்தான் வராது. அந்தப் பயிற்சிக்கு அவள் ஒருநாள்கூடப் போனதில்லை.

பதினொரு வயது. அதிகம் பேசமாட்டாள். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் தோளுக்கு உயர்த்திப் படபடவென்று உதறுவாள். அவள் சிரிப்பே அதுதான். வரி இருக்கும் நாளில் கை பாதியில் நின்றுவிடும், முகம் மட்டும் எதையோ தொலைத்ததுபோலத் தேடும். அம்மா கல்லாவில் உட்கார்ந்தபடியே வரியை நீக்குவாள். எங்கோ ஒரு பயிற்சி மையத்தின் ஆலோசகர், ஆதாரம் இருக்கிறது என்று குறிப்பெழுதித் திரும்பச் சேர்ப்பார். மூன்று வருடம் இருவரும் இப்படியே மல்லுக்கட்டினார்கள்.

ஒருநாள் ஆத்திரத்தில் எண்ணிக்கை தவறி நான்காம் முறையும் நீக்கிவிட்டாள். ஒரே நாளில் மூன்றுக்குமேல் கூடாது என்பது அங்கே சட்டம். அவளுக்குத் தடை விழுந்தது. கட்டுரையை யாரும் திருத்த முடியாதபடி அந்த வரியோடு ஒரு வருடத்துக்குப் பூட்டினார்கள். “எது சரின்னு பார்க்கிறது எங்க வேலை இல்லைம்மா, சண்டை நிக்கணும்” என்று நிர்வாகி எழுதினார். “இப்பத்தான் அவ அடக்கமா இருக்கா, விடேன்” என்றார் கணவர். அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஐந்தாம் மாதம், நல்ல வெயிலில், ஒருவர் கடைக்கு வந்தார். கைகள் தோள் உயரத்தில் படபடத்துக்கொண்டிருந்தன. தான்தான் அந்த ஆலோசகர் என்றார்.

“பக்கத்தைப் பூட்டின நாள்லேருந்து இப்படித்தாங்க. எப்ப வரும்னே தெரியாது. மாமனார் சாவு வீட்டுலகூட உதறினேன். இன்னிக்குக் கை இழுத்த பக்கமெல்லாம் பஸ் மாறி வந்தேன். நிறுத்த ஏதாவது மருந்து இருக்கா?”

அம்மா வாய் திறக்குமுன், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வந்தாள். அவர் கைகளையே உற்றுப் பார்த்தாள்.

“என்னுது” என்றாள்.

அவர் கைகள் இன்னும் வேகமாக உதறின.

மருந்து இல்லை என்று சொல்லி அம்மா அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். பூட்டுத் திறக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தினமும் நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். வாடிக்கையாளர்களும் அவரைத் தாண்டி மருந்துச் சீட்டை நீட்டப் பழகிவிட்டார்கள். மகள் பள்ளி விட்டு உள்ளே நுழைந்ததும் அம்மா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, நாற்காலிப் பக்கம் திரும்புகிறாள். அவர் கை உதறினால், மகளுக்கு அன்று நல்ல நாள்.