தீவு நேரம்

...ஸ்டூல் ஆடியது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தும் ஆடியது, அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க, மேலே அவள் கணவர் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். "விட்டுராதம்மா, நான் விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா நீ உன் தங்கச்சியதான் கூட்டிட்டுப் போகணும்." எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டதற்கு, நம்மளத்தான உள்ள விடமாட்டேங்கறாங்க, அவங்க நேரத்தை இங்க கொண்டாந்துட்டா யாரு விசா கேக்கப்போறாங்க என்றார். டிக்கெட் எடுத்து வைத்திருந்த தீவுப் பயணம் கொரோனாவால் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போன வாரம் அது. பச்சை நாடு, மஞ்சள் நாடு, சிவப்பு நாடு என்று தொலைக்காட்சியில் தினம் ஒரு பட்டியல், கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊராருக்கு லென்ஸ் மாட்டிவிட்டு வந்து, தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதைப் பார்ப்பார்... அவங்க கதவு தொறக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும் என்பார். இப்ப மட்டும் என்ன, இருபதா என்பாள் இவள். நாலு நாள் தீவின் நேரத்தில்தான் வாழ்ந்தார், எட்டு மணிக்கே தட்டோடு வந்து உட்கார்ந்து, அங்க பத்தரை, எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கியாச்சு என்பார். ஐந்தாம் நாள், என்ன இன்னைக்கு எதுலயும் வாசனையே இல்ல என்றார், சமையலைத்தான் சொல்கிறார் என்று அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் யாரையும் உள்ளே விடவில்லை, அதுவும் ஒரு சிவப்பு நாடுதான் போல. ஃபோன் வந்தபோது அந்தக் கடிகாரத்தில் நிமிர்ந்து பார்த்த மணியைத்தான் எல்லாரிடமும் சொன்னாள், ஐந்தரை. அண்ணி, ஆஸ்பத்திரி பேப்பர்ல மூணுன்னு போட்டிருக்காங்களே என்று கொழுந்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டார், பிறகு, பாவம், துக்கத்தில் குழம்பிப்போயிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். அவளும் விளக்கவில்லை. என்னவென்று விளக்குவது, அவர் போனது அந்த ஊர்க் கணக்கில் என்றா?

உருளைக்கிழங்கின் தோல் நீளமாக வருகிறது, அறுந்துபோகிறது, மறுபடி வருகிறது... ஒருத்திக்கு எதற்கு இத்தனை கிழங்கு, கை பழைய அளவையே எடுக்கிறது. இப்போதுதான் மகள் பேசிவிட்டு வைத்தாள். எல்லையைத் திறந்துவிட்டார்களாம், இனிமேல் தேதி மாற்ற முடியாதாம். "ஆறு மணிக்குக் கடைய சாத்திடுவாராம்மா டிராவல்ஸ்காரர். அப்பா டிக்கெட்ல சித்தி பேரைப் போட்டு ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, இல்லன்னா ரெண்டையும் கேன்சல் பண்ணிடலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா." "உங்க சித்தி குறட்டை விடுவா." "அம்மா." "யோசிச்சு சொல்றேன்." "மூணு நாளா இதையேதான் சொல்ற." சொல்கிறாள்தான், வேறு என்ன சொல்ல, வேண்டும் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்... நிமிர்ந்து பார்த்தாள், ஏழரை. அப்பாடா, முடிந்தது, கடையைச் சாத்தியிருப்பார்கள், இனிச் சொல்ல ஒன்றுமில்லை. கத்தியைக் கீழே வைத்தாள், தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அப்புறம்தான் இரண்டரையைக் கழிக்க வேண்டும் என்று உறைத்தது. மணி ஐந்து. இன்னும் ஒரு மணி நேரம் முழுசாகக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் கழித்துக் கழித்து... இதைச் சரிபண்ணித் தொலைத்தால்தான் என்ன? ஏணி கொண்டுவரேன் என்று மகள் வரும்போதெல்லாம் சொல்கிறாள், பாட்டரி தீரட்டும் என்று இவள் தட்டிக்கழிக்கிறாள், அதுவோ தீருகிற வழியைக் காணோம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒரு காலை வைத்தாள், ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகாலையும் தூக்கப் போனாள், ஸ்டூல் ஒருபக்கமாகச் சாய்ந்து டக்கென்று தரையில் தட்டியது, இறங்கிவிட்டாள், கீழே பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், அது அவள் வேலை அல்லவா... அதன் மேலேயே உட்கார்ந்தாள். டிக்கெட் இருக்கிறவரைக்கும் அது அந்த ஊர்க் கடிகாரம். கேன்சல் பண்ணிவிட்டால், வேகமாக ஓடுகிற ஒரு கடிகாரம், வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், உங்க கடிகாரம் வேகமா ஓடுதே என்று. தங்கையைக் கூட்டிப்போய் அங்கே இறங்கினால்? அங்கே எல்லாச் சுவரிலும் இதே மணி இருக்கும், கழிக்க ஒன்றும் இருக்காது. அதைத் தாங்க முடியுமா? தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, ஃபோன் அடித்தது.

"என்னம்மா, என்ன சொல்லட்டும்?"

"அங்க இருட்டியிருக்கும்."

"எங்கம்மா?"

ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் எட்டேகால். தீவிலும் எட்டேகால்தான்.