மூன்றாம் ஓலை

மரியபுஷ்பத்தின் தொண்டை லஷ்கர் மொகல்லா பேட்டை முழுக்கப் பிரசித்தம். ஞாயிறு பூசையில் அவள் கீதம் எடுத்தால் தூங்குகிறவனும் எழுந்து முழங்காலிடுவான். "சர்வேசுரனை மகிமைப்படுத்தவே பிறந்தவள்" என்பார் சுவாமியார். அவளும் பவ்வியமாகத் தலை குனிவாள். உண்மையில் யாருக்காகப் பாடினாள் என்பது அவளுக்கும், ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காரும் அரிசி மண்டி சகாயநாதனுக்கும்தான் தெரியும்.

வாலிபத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பில் மூன்றாம் ஓலையை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றதும் சகாயநாதன் எழுந்தான். "பெண்ணுக்கு நெஞ்சு நோய்." பச்சைப் பொய். மாப்பிள்ளையைத் தன் தங்கைக்கு வளைத்துப்போடத்தான். போட்டும்விட்டான். நோய்க்காரி என்று பேரெடுத்தவளை அப்புறம் எவன் கேட்பான்? கொள்ளேகால் பட்டுச் சேலைகளை மூட்டை கட்டி வீடு வீடாக விற்றுப் பிழைத்தாள். ஞாயிறுதோறும் அந்த நெஞ்சைத் திறந்து பாடி அவன் காதில் அறைந்தாள்.

இப்போது அவன் மகள் ஜேனுக்கு ஓலை. இரண்டு வாசித்தாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் சகாயநாதன் மரியபுஷ்பத்தின் வாசலில் நின்றான்.

"என்ன அண்ணே, பட்டு பார்க்கவா? மகளுக்குச் சிவப்பு எடுப்பாயிருக்கும்."

"நாளைக்கு நீ எழுந்திருப்பேன்னு ஊரே சொல்லுது."

"ஊருக்கு என் மேல எவ்வளவு நம்பிக்கை! உன் சரக்கை உனக்கே திருப்பித் தர்றேன். ஜேனுக்கும் நெஞ்சு நோய்."

"குழந்தை என்னம்மா பாவம் பண்ணிச்சு? என்ன வேணும், சொல்லு."

"ஒரே விலை. அன்னிக்கு எழுந்த இடத்துலயே எழுந்து, பொய் சொன்னேன்னு சொல்லு."

"என் மானம் போயிடும். கொஞ்சம் இறங்கி வாம்மா. சுவாமியார் காதுல மட்டும் சொல்லிடறேன்."

"அது பாவசங்கீர்த்தனம். எனக்கு வேண்டியது ஊர் காது. பேரம் முடிஞ்சது, கிளம்பு."

மறுநாள் ஓலை வாசித்தார்கள். தடை கேட்டார்கள். மரியபுஷ்பம் எழுந்தாள். ஜேனின் முக்காடு நடுங்கியது. இவள் வாய் திறக்குமுன் முன்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது.

"மரியபுஷ்பத்துக்கு எந்த நோயும் இல்லே. அன்னிக்கு நான் சொன்னது பொய்," என்றான் சகாயநாதன். அவன் தங்கை முகத்தை மூடிக்கொண்டாள்.

மரியபுஷ்பத்துக்கு இனித்தது. மறைப்பானேன், வெல்லமாய் இனித்தது.

சுவாமியார் கீதத்துக்குச் சைகை காட்டினார். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அறைய வேண்டியவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். இனி யாருக்குப் பாடுவது? பீடத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவன் காதுக்கு எறிந்ததையெல்லாம் அங்கே ஒருவர் தமக்கென்றே வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சர்வேசுரா, இது உமக்கு மட்டும்" என்று மனசுக்குள் சொல்லி மெல்லக் கீதத்தை எடுத்தாள். குரல் உடைந்தது. கேட்டவர்களுக்கு அன்று அவ்வளவு சுகப்படவில்லை. அவளுக்குத்தான் இதற்காகவே பிறந்தோம் என்றிருந்தது.

சகாயநாதனை மன்னித்தாளா? அதை மட்டும் கேட்காதீர்கள். ஜேன் கல்யாணத்துக்குப் போய்ப் பாடினாள். விருந்தில் அவன் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை.